உப்புக் காற்றில் ஒரு பேனல்

தூத்துக்குடி ஏசி மெக்கானிக்குகள் வெயிலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர்கள் பேச்சில் எடுத்ததற்கெல்லாம் உப்புதான் வரும். பக்கத்தில் திருநெல்வேலியில் பல வருஷம் தாங்கும் அவுட்டோர் காயில் இங்கே கடற்கரைச் சாலை வீட்டு மாடியில் பாதிக் காலம்கூட நிற்காது என்பது அவர்கள் கணக்கு. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. அதில் கரைந்துபோவது அலுமினியம். விரலால் தொட்டால் தகடு மாவாக உதிர்கிறது.

நான் பார்க்கப் போனது வீட்டு ஏசியை அல்ல. முள்ளக்காட்டுப் பக்கம் உப்பைக் கழுவி, அரைத்து, பொட்டலம் போடும் ஓர் ஆலைக்குப் பேனல் ஏசி சர்வீஸுக்குக் கிளம்பிய மெக்கானிக் ஒருவரோடு தொற்றிக்கொண்டேன். ஆடி மாதம். கச்சான் காற்று உப்புப் பாத்திகளின் மேல் அடித்து வெள்ளைத் தூளைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஆலைக்குள்ளே கன்வேயரையும் சென்ட்ரிஃப்யூஜையும் ஓட்டும் டிரைவ்கள் அடங்கிய ஆளுயர இரும்புப் பெட்டி; அதுதான் பேனல். அதன் கதவில் மாட்டியிருந்தது ஏசி.

மெக்கானிக் முதலில் ஏசியைத் தொடவே இல்லை. தினத்தாளில் ஒரு துண்டு கிழித்து, பேனல் கதவின் இடுக்கில் வைத்து, கதவைப் பூட்டி, தாளை இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. "பீடிங் செத்துட்டு அண்ணாச்சி" என்றார், கதவோர ரப்பரைக் காட்டி. கதவைச் சுற்றி நாலு பக்கமும் அதே சோதனை. பிறகு குனிந்து, கேபிள்கள் உள்ளே நுழையும் கிளாண்டுகளைப் பார்த்தார். இரண்டு ஓட்டைகள் திறந்தே கிடந்தன.

"இத்தனை பாடு எதுக்கு? ரெண்டு ஃபேன் போட்டு சூட்டை வெளியே தள்ளினா ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஃபேன் சூட்டை வெளிய தள்ளும். உப்பை உள்ள இழுக்கும்லா!"

டிரைவ், தான் கடத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழ 3 சதவீதத்தைச் சூடாக்கி விடுகிறது. 30 கிலோவாட் மோட்டாரை ஓட்டும் டிரைவ் என்றால், அடைத்த பெட்டிக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வைத்திருப்பதற்குச் சமம். மின்தேக்கிகளுக்கு ஒரு பழைய விதி உண்டு: 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதி. ஆகவே சூடு வெளியேறியாக வேண்டும், ஆனால் காற்று உள்ளே வரக்கூடாது. பேனல் ஏசியில் இரண்டு காற்றோட்டங்கள். உள்காற்று உள்ளேயே சுற்றுகிறது, வெளிக்காற்று வெளியே. நடுவில் சூட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போவது கேஸ்.

கடல் உப்பின் குணமும் இதில் சேர்கிறது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் வரும்வரை உலர்ந்தே கிடக்கும். கடலுப்போடு கலந்து வரும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். தூத்துக்குடியில் காற்று அவ்வளவு வறண்டு நான் பார்த்ததில்லை. டிரைவின் போர்டில் படிந்த உப்புத் தூசி ஈரமாகி, போகக்கூடாத பாதையில் மின்சாரத்தைக் கூட்டிப்போகிறது. அவர் கழற்றிக் காட்டிய பழைய போர்டில் பச்சைப் பாசிபோல் செம்பு பூத்திருந்தது.

ஏசி டிஸ்பிளேயில் 20 என்று இருந்தது. அதைக் கண்டதும் மனிதருக்குக் கோபம் வந்தது. யாரோ நல்லெண்ணத்தில் இறக்கி வைத்திருக்கிறார்கள். 35-க்கு ஏற்றினார். 30 டிகிரியில் 75 சதவீத ஈரம் உள்ள மாலைக் காற்று 25 டிகிரியிலேயே பனிக்கும். 20-க்குக் குளிர்ந்த பேனலைத் திறந்தால் உள்ளே உள்ளதெல்லாம் வியர்த்துவிடும். எலக்ட்ரானிக்ஸுக்கு 35 சொகுசான சூடு. மனிதத் தோலுக்கு இதமான அளவை இயந்திரத்துக்கும் வைப்பது நம் வழக்கமாகிவிட்டது. 1902-இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் நவீன ஏசியே மனிதருக்காகச் செய்ததல்ல. புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் நீண்டு சுருங்கி, வண்ணங்கள் விலகி அச்சாகாமல் இருக்கச் செய்தது.

உதவிக்கு வந்த பையன் காயிலைக் கழுவத் தயாரானான். அவனுடைய மாமா சங்கு குளிப்பவர். முத்துக்குளிப்பு இங்கே 1961-ஓடு நின்றுபோனது. சங்கு இன்னும் நிற்கவில்லை. மாமாவுக்குக் கம்ப்ரசர் என்றால் படகிலிருந்து குழாய் வழியே மூச்சு அனுப்புவது, இவனுக்குக் கேஸை அழுத்துவது. "மாமா கம்ப்ரசர் நின்னா ஆள் போயிரும், நம்மது நின்னா போர்டுதான் போகும்" என்று சிரித்தான்.

கழுவும் தண்ணீர் அவர்கள் வண்டியிலேயே இரண்டு கேன்களில் வந்திருந்தது. ஆலையின் போர் தண்ணீர் கரிப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவின கதைதான். வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைத்தான் பிடித்து வருகிறார்கள். ஆசிட் கலந்த கெமிக்கல் வாஷ் பளபளப்பாக்கும், ஆனால் அடுத்த வருஷம் தகடு இருக்காது என்றார் மெக்கானிக். வாடிக்கையாளருக்குப் பளபளப்புதான் பிடிக்கிறதாம்.

துறைமுகத்து ரீஃபர் எனும் குளிர்பதனக் கண்டெய்னர்கள் பற்றியும் கேட்டேன். இறால் மைனஸ் 18-க்குக் கீழே உறைந்த பிறகுதான் அதில் ஏறும். அந்தக் குளிரைக் காப்பதுதான் பெட்டியின் வேலை. கப்பல் தட்டில் அலை தெறிக்கும் என்று தெரிந்தே செய்யப்படுவதால் உப்பைத் தாங்குகிறது. கரையில் விற்கும் ஏசியை அப்படி யோசித்து வாங்குபவர் குறைவு. பூச்சு பூசிய காயிலுக்குக் கொஞ்சம் கூடுதல் கேட்டால், "சாதாரணதே போதும்" என்பார்களாம்.

வேலை முடியும் நேரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. கதவு திறந்தால் ஏசி தானாக நிற்க ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதை அழுத்தி வைத்து டேப் ஒட்டியிருந்தது. ஆபரேட்டரைப் பார்த்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தகரக் கூரைக்குக் கீழே குளிர்ந்த காற்று வரும் இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான். மதியம் கதவைத் திறந்து அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். 20 வைத்ததும் அவரேதான். வெளியே பாத்தியில் விடியும் முன்பே இறங்கிய பெண்கள் கரையேறி, ஓலைப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் டேப்பை உரித்தார். திட்டவில்லை. சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதினார்: கதவு பீடிங் ஒரு செட்; கிளாண்ட் அடைப்பு இரண்டு; ஆபரேட்டர் இடத்துக்கு பெடஸ்டல் ஃபேன் ஒன்று.

மேலாளர் கடைசி வரியில் பேனாவை நிறுத்தினார். "ஃபேன் எப்படிய்யா ஏசி கணக்குல வரும்?"

"வரும் சார். இந்தக் கதவு மூடியிருக்கணும்னா அதுதான் வழி. பீடிங் நான் எத்தன தடவ மாத்துனாலும் அவரு தொறப்பாருல்லா."

மேலாளர் முதல் இரண்டு வரிகளுக்குக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவதற்கு ஆபீஸில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.