வழித்துணை

நட்பைப் பற்றிச் சொல்லப் புகுந்த வள்ளுவப் பெருந்தகை, அதற்கென அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்களை ஒதுக்கினார். அவற்றுள் ஒன்றுக்குப் 'பழைமை' என்றே பெயரிட்டார். புதிய நட்பு தேடிப் பெறுவது. பழைய நட்போ தாங்கிக் காப்பது. இரண்டும் வெவ்வேறு கலைகள் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார் போலும்.

ஒரே தெருவில் பிறந்தோர், ஒரே ஆலையில் உழைப்போர், ஒரே பாடற்குழுவில் பாடுவோர் எனப் பல வகையில் நட்புகள் முளைப்பதை நாம் காண்கிறோம். எங்கள் நட்போ சற்று விந்தையானது. இன்னும் வாராத காலத்தைப் பற்றிய கதைகளால் அது முளைத்தது. விண்கலம், இயந்திர மனிதன், காலப் பயணம் என்று பேசித் திரிந்த நான்கு சிறுவர்கள், இன்று சர்க்கரை நோய்க்கும் மூட்டு வலிக்கும் மருந்து உண்போராய் இருக்கிறோம். நால்வர் என்று எழுதப் பழகிய கை இன்னும் மாறவில்லை; உண்மையில் இப்போது மூவர்.

அந்த நட்புக்கு வித்திட்டது 1979-ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்கரின் ஸ்கைலேப் விண்ணிலிருந்து விழப்போகிறதென்று நாடே நடுங்கியது. வேலூரில் ஐந்தாம் வகுப்பில் இருந்த எங்களுள் மூவர், பள்ளிக்கூரையின் மேல் அது விழுந்தால் விடுமுறை கிடைக்குமா என்று கணக்கிட்டுக் கொண்டிருந்தோம். நான்காமவன், அது எங்கே விழும் என்பதை ஒரு புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றான். ஜூலை 11-ஆம் நாள் அதன் சிதறல்கள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் வீழ்ந்தன. நான்காமவன் மறுநாள் கொண்டுவந்த புத்தகமோ ஸ்கைலேப்பைப் பற்றியதன்று. அது 'இரும்புக்கை மாயாவி'!

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்ட அச்சித்திரக்கதையைத் தமிழகத்தில் ஒரு தலைமுறையே மனப்பாடமாய் அறியும். கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பட்ட ஒருவன் மின்சாரம் பாய்ந்தால் கண்ணுக்குப் புலப்படாமற் போவான். இரும்புக் கை மட்டும் தெரியும். எங்கள் நான்காமவனின் தந்தையார் ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்தவர். அவர் கழித்துப்போட்ட இரப்பர்க் கையுறை ஒன்றே எங்களுக்கு இரும்புக்கை ஆயிற்று. அதை அணியும் முறை வந்தவனை மற்ற மூவரும் காணாதவர்போல் நடிக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி.

கைச்செலவுக்குக் கிடைத்த காசில் தனியாக ஒருவன் புத்தகம் வாங்க இயலாது. எனவே நால்வரும் சேர்ந்து வாங்கினோம். ஒவ்வொரு புத்தகத்தின் முதற்பக்கத்திலும் நால்வரின் முதலெழுத்துகளையும் வரிசையாக எழுதினோம். 1984-இல் லயன் காமிக்ஸ் தோன்றி, இயந்திர மனிதன் ஆர்ச்சி வந்தபோது தகரப்பெட்டி ஒன்று நிரம்பிவிட்டது. விரிஞ்சிபுரத்து நண்பனின் வீட்டுப் பரணில் அது குடியேறியது.

இத்தகைய நட்பு எங்களுக்கு மட்டும் உரியதன்று எனப் பின்னாளில் அறிந்தோம். அறிவியல் புனைகதை அன்பர்களின் முதல் உலக மாநாடு 1939-இல் நியூயார்க்கில் கூடியது. அதில் கலந்துகொண்ட இளைஞர்களுள் ஒருவரான பாப் மேடில், வாழ்நாள் முழுதும் அதே ஆர்வத்தோடும் அதே தோழமையோடும் இருந்து, 2022-இல் தம் 102-ஆம் வயதில் மறைந்தார். இரும்புக்கை மாயாவியின் ஆங்கில மூலத்தை 1962-இல் எழுதத் தொடங்கிய கென் பல்மர்கூட எழுத்தாளராகும் முன்பே இவ்வன்பர் குழாத்தைச் சேர்ந்தவர்தாம். 1955-இல் அன்பர்களே நிதி திரட்டி அவரைக் கடல் கடந்து அமெரிக்க மாநாட்டுக்கு அனுப்பி வைத்தனர். வாசகர்களின் காசில் கப்பலேறியவர் படைத்த நாயகன், நான்கு சிறுவர்களின் கூட்டுக் காசில் வேலூர் வந்து சேர்ந்தான் என்று எண்ணிப் பார்ப்பதில் எங்களுக்கு ஒரு மகிழ்ச்சி.

1986-ஆம் ஆண்டு ஹாலி வால்மீன் வந்தது. சவ்வாது மலையில் காவலூர் விண்ணாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அவ்வாண்டு ஜனவரியில்தான் திறந்து வைக்கப்பட்டிருந்தது. ஏப்ரல் மாதம் நால்வரும் ஆலங்காயம் வரை பேருந்தில் சென்று, மலைச் சாலையோரத்துப் பாறையொன்றில் இரவைக் கழித்தோம். பஞ்சுத் துணுக்குப்போல் மங்கலாகத் தெரிந்தது வால்மீன். அது மீண்டும் வருவது 2061-இல். "நமக்கு அப்போது தொண்ணூற்றிரண்டு வயது. நாலு பேரில் ஒருத்தராவது பார்த்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்" என்றான் ஆம்பூர் நண்பன். யாரிடம், எங்கே சொல்வது என்று அப்போது எவரும் கேட்கவில்லை.

அதே ஆண்டு நாம் குருமடம் புகுந்தோம். சுஜாதாவின் அறிவியல் தொடர்கள் வார இதழ்களில் வந்துகொண்டிருந்த காலம் அது. ஆம்பூர் நண்பர் வாரந்தோறும் அப்பக்கங்களைக் கத்தரித்து உறையிலிட்டு அனுப்புவார். மாணவர்களுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் பொறுப்பிலிருந்த தந்தை, முதலில் தாம் படித்து முடித்த பின்னரே அவற்றை நம்மிடம் தருவார். ஒருமுறை உறை வரத் தாமதமானபோது, நமக்கு முன்பே அவர் கவலையுற்று, "உன் நண்பருக்கு உடல்நலம் சரியில்லையா?" என்று வினவினார்.

குருவானவருக்கு இக்கதைகள் எதற்கு என்று பங்குமக்களுள் சிலர் இன்றும் கேட்பதுண்டு. அவர்களுக்கு நாம் ஒருவரைச் சுட்டிக் காட்டுவோம். 2015 முதல் 2025 வரை வத்திக்கான் விண்ணாய்வகத்தின் இயக்குநராய் இருந்த இயேசு சபைச் சகோதரர் கை கொன்சொல்மானோ, இளமையிலேயே இக்கதைகளின் தீவிர அன்பர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தைத் தாம் நாடியதற்கு அங்கிருந்த அறிவியல் புனைகதை நூலகமும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். படைப்பை வியக்கக் கற்ற உள்ளம் எந்த வாயிலால் நுழைந்தால் என்ன?

ஆண்டுதோறும் காணும் பொங்கலன்று விரிஞ்சிபுரத்தில் கூடுவது எங்கள் வழக்கம். அவ்வூர்க்காரர் பள்ளி ஆசிரியராகி ஓய்வை நெருங்கிக் கொண்டிருப்பவர். இன்னொருவர் பேருந்துப் பணிமனையில் இயந்திரப் பணியாளர். ஆம்பூர்க்காரர் தோல் ஆலையொன்றில் கணக்கெழுதினார். வேலூர் வட்டாரத்து வழக்கப்படி எல்லாருக்கும் அவர் 'பாய்'. பிறர் முன்னிலையில் நம்மைப் 'ஃபாதர்' என்பார்கள். தனித்திருக்கையில் பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயர்தான். அதை இங்கே எழுத மாட்டோம்!

விரிஞ்சிபுரம் மதிலழகுக்குப் பேர்போன ஊர். அங்குள்ள கோவிலின் தெற்குச் சுற்றில், எண்கள் பொறித்த பிறைவடிவக் கல் ஒன்று உண்டு. அதன் நடுவே குச்சியொன்றை வைத்தால் நிழல் நேரம் காட்டும். முதன்முறை பார்த்தபோது பாய் தம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, "கல் இருபத்துநான்கு நிமிடம் பின்தங்குகிறதே" என்றார். ஆசிரியர் விளக்கினார்: இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. இவ்வூரோ ஏறத்தாழ 79 பாகையில் உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாகப் பதினான்கு நிமிடம் இங்கே கதிரவன் பிந்துவான். ஜனவரி நடுவில் கதிரவனின் ஓட்டமே இன்னும் பத்து நிமிடம் தாமதம். "கல் தவறவில்லை. நாடெங்கும் ஒரே நேரமாக இருக்க வேண்டுமென்று நாம்தாம் முந்திக்கொண்டோம்" என்றார். அக்கோவிலில் உறையும் இறைவனுக்கு மார்க்கபந்து, அதாவது வழித்துணைவர் என்று பெயர் என்பதையும் அன்று அவரே சொன்னார்.

சந்திப்புகளில் விண்வெளியைப் பற்றிப் பேசியது குறைவு. பிள்ளைகளின் கல்விக் கட்டணம், பணிமனையின் இரவு முறை, பாய் கொண்டுவரும் ஆம்பூர்ப் பிரியாணிக்கு இவ்வாண்டு உப்புச் சரியா என்பனவே பேச்சு. ஆயினும் கதைகள் எங்களுக்கு ஒரு மொழியைத் தந்திருந்தன. பாலாற்றங்கரைத் தோல் ஆலைக் கழிவுகளைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் வழங்கிய தீர்ப்பு, தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அவ்வாண்டு ஆலைகள் மூடப்படுமோ என்ற அச்சத்தில் இருந்த பாய் சொன்னார்: "கிரகம் கெட்டுப்போனால் வேறு கிரகத்துக்குப் போய்விடலாம் என்று கதையில் எழுதிவிடுகிறார்கள். எங்களுக்கு ஆறும் வேண்டும், சோறும் வேண்டும்." எதிர்காலத்தைப் பற்றிய கதைகள் பயிற்றும் முன்னெச்சரிக்கையை இதனினும் சுருக்கமாக யாம் கேட்டதில்லை.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா', 2020களின் தொடக்கத்தில் நடப்பதாகப் புனையப்பட்டது. அவ்வுலகில் குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். வயது முதிர்ந்தோருக்கு இடமில்லை. அந்த ஆண்டுகள் உண்மையாகவே வந்தபோது, நாங்கள் அவ்வரசு விட்டுவைக்காத வயதை எட்டியிருந்தோம். வந்ததோ வேறு துன்பம். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம். ஆசிரியரின் வீட்டுக்குள் நீர் புகுந்து, பரணிலிருந்து ஏற்கெனவே கீழே இறக்கி வைத்திருந்த பெட்டியையும் நனைத்தது.

நனைந்த புத்தகங்களை ஆசிரியர் வெயிலில் பரப்ப முற்பட்டபோது பாய் தடுத்தார். "ஈரத்தோலை நேர்வெயிலில் போட்டால் விறைத்துப் போகும். நிழலில், காற்றில், மெதுவாகத்தான் உலர வேண்டும். தாளுக்கும் அதுதான்" என்றார். பக்கங்களுக்கிடையே செய்தித்தாளை வைத்து எடுத்து, கூடத்தில் கட்டிய கயிறுகளில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். மூன்று நாள் அங்கேயே தங்கினார். பெரும்பாலானவை பிழைத்தன, ஏறக்குறைய இருபது மட்டும் கறையேறிச் சுருங்கின.

2023 ஆகஸ்டு 23 மாலை 6.04-க்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து பாய் தொலைபேசியில் அழைத்து, ஒன்றும் பேசாமல் தொலைக்காட்சியின் ஒலியை மட்டும் எங்களைக் கேட்கச் செய்தார். அடுத்த மாதம் அவர் இறைவனடி சேர்ந்தார். ஆம்பூரில் அவரை அடக்கம் செய்தபோது நாங்கள் மூவரும் ஒரு பிடி மண் இட்டோம்.

மருத்துவச் செலவால் அக்குடும்பம் பெருங்கடனில் இருந்தது. அவர்கள் எவரிடமும் கேட்கவில்லை. பழைய காமிக்ஸ் இதழ்களுக்கு இன்று சேகரிப்போரிடையே நல்ல விலை உண்டு என்பதைப் பணிமனை நண்பர் அறிந்திருந்தார். விற்கலாம் என்றார். ஆசிரியர் மறுத்தார். "விற்பதற்கா நாற்பது ஆண்டு காத்தோம்?" என்றார். சில வாரங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நம்மிடம் தனித்தனியே வந்து முறையிட்டார்கள். தீர்ப்பு ஏதும் சொல்லாமல், முதற்பக்கத்து நான்கு எழுத்துகளைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னோம்.

முடிவெடுத்தவர் ஆசிரியரே. 2024-இல் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில், ஆண்டுதோறும் அங்கே கூடும் லயன்-முத்து வாசகர்களைச் சந்தித்தார். நரைத்த தலையினர் சிறுவர்போல் பேசிக் களிக்கும் அக்கூட்டத்தில் புத்தகங்களைப் போற்றி வாங்குவோர் கிடைத்தனர். வாங்கிய இளைஞர் ஒருவர் நான்கெழுத்துகளின் கதையைக் கேட்டுவிட்டு, அதை அழிக்காமல் வைத்திருப்பதாக வாக்களித்தார்.

தொகையைக் கண்ட பாயின் மகன், "அத்தாவுக்குக் கால் பங்குதானே, ஃபாதர்" என்றான். ஆசிரியர் பதிலளித்தார்: "வெள்ளத்திலேயே எங்கள் பங்கு போய்விட்டது, தம்பி. அதற்குப் பிறகு இருந்ததெல்லாம் உங்கள் அத்தா காப்பாற்றியது." ஆசிரியரின் அன்றாடக் கணக்கில் இதுவரை யாம் கண்ட மிக நேர்மையான கணக்கு அது. கடன் முழுதும் தீரவில்லை; பெரும்பகுதி தீர்ந்தது.

கறையேறிய இருபதையும் எவரும் வாங்கவில்லை. அவை பெட்டியில் இருக்கின்றன. காணும் பொங்கலுக்குப் பாயின் மகனும் இப்போது வருகிறான். அவனுடைய சிறுமகள், ஒட்டிய பக்கங்களைப் பிரித்துப் படித்துக் காட்டச் சொல்கிறாள். 2061-இல் அவளுக்கு நாற்பது வயதுகூட நிரம்பியிராது. ஹாலி வால்மீனைப் பற்றி ஆசிரியர் அவளுக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்.

அன்பர்களே, எதிர்காலம் எப்படியிருக்கும் என்று கதைகள் எங்களுக்குப் பலவாறு சொல்லின. சில பலித்தன, பல பொய்த்தன. அங்கே நம்மோடு யார் வருவார் என்பதை மட்டும் எந்தக் கதையும் சொல்லவில்லை. அதனைப் பழைய நட்பிடம்தான் கற்றோம்.