வாத்தியாராக இருந்த நடிகர்

வாத்தியார் வேலையில் பாதி நடிப்புத்தான். உள்ளே சிரிப்புப் பொங்கும்போது முகத்தில் கோபத்தை வரவழைத்துக் கொள்ளத் தெரியாதவர், நாற்பது பையன்களை ஒரு நாழிகைகூடக் கட்டி ஆள முடியாது. ஆகவே, வாத்தியாராக இருந்து பெரிய நடிகரான ஒருவரிடம் எனக்குத் தனிப் பிரியம் ஏற்பட்டதில் வியப்பில்லை. அவர்தாம் ஸ்காட்லாந்து தேசத்து அலஸ்டேர் ஸிம்.

1900-ஆம் வருஷம் எடின்பரோ நகரில் ஒரு தையற்காரரின் புதல்வராகப் பிறந்தார். மேடை மோகம் இளமையிலேயே பிடித்தது. தகப்பனாருக்கோ அது பிடிக்கவில்லை. பிள்ளை வீட்டை விட்டுப் போய், சுமார் ஒரு வருஷம் மலைநாட்டில் கூலியாட்களோடு அலைந்தார். திரும்பி வந்தவருக்குக் கிடைத்தது மேடையல்ல, வகுப்பறை. 1925 முதல் 1930 வரை எடின்பரோ நியூ காலேஜில், பாதிரிமாராகப் போகும் மாணவர்களுக்குத் திருத்தமாகப் பேசக் கற்பித்தார்.

1930-இல், முப்பது வயதாகும் சமயத்தில், லண்டன் ஸவாய் தியேட்டரில் 'ஒதெல்லோ' நாடகத்தில் அரங்கேறினார். கதாநாயகர், நம் தேச விடுதலைக்கும் குரல் கொடுத்த பால் ரோப்ஸன். ஸிம்முக்குக் கிடைத்ததோ தூதன் வேஷம்! அதற்காக அவர் மனம் தளரவில்லை. 1935 முதல் சினிமாவிலும் தோன்றினார். நாடகாசிரியர் ஜேம்ஸ் பிரிடியின் நாடகங்களில் அவர் புகழ் ஓங்கியது.

1951-இல் வந்த 'ஸ்க்ரூஜ்' படத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். டிக்கன்ஸ் படைத்த அந்தக் கருமி, மனந்திருந்திய காலையில் குழந்தைபோல் துள்ளுகிறான். வேலைக்காரியோ பைத்தியம் பிடித்துவிட்டதென்று அலறுகிறாள். சிரித்துக்கொண்டே நம் கண்கள் நனைகின்றன. கருமியின் இளமைப் பருவத்தில் நடித்தவர் ஜார்ஜ் கோல். 1940-இல், லண்டன்மீது குண்டு விழுந்த நாட்களில், ஸிம் தம்பதிகள் தங்கள் வீட்டில் இடம் கொடுத்து வளர்த்த பையன் அவன். அவனுடைய பேச்சைத் திருத்தி நடிகனாக்கியவரும் ஸிம்தான். வாத்தியார் புத்தி எங்கே போகும்!

1948-இல் எடின்பரோ மாணவர்கள், பிற்காலத்தில் பிரதம மந்திரியான ஹெரால்டு மாக்மில்லனைத் தோற்கடித்து, இவரைத் தங்கள் சர்வகலாசாலையின் ரெக்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். இத்தனை புகழிருந்தும் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மாட்டார். 'ஸர்' பட்டம் தேடி வந்தபோதும் வேண்டாமென்றார். பட்டங்களைத் துறந்தவர்களைக் கொண்டாடிய நமக்கு இதன் அருமை தெரியும். 1976-இல் காலமானார்.

சென்ற வருஷம் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். "பையன் நாடகத்தில் சேரப் போகிறேன் என்கிறான். நீங்கள்தாம் புத்தி சொல்ல வேண்டும், ஸார்" என்றார். இந்தச் சரித்திரத்தைச் சொன்னேன். "அதெல்லாம் சரி, சோற்றுக்கு வழி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். "ஒரு தொழிலைக் கற்கட்டும், கூடவே குரலையும் நாவையும் பண்படுத்தட்டும். ஐந்து வருஷம் கழித்தும் ஆசை உயிரோடிருந்தால், குறுக்கே நிற்காதீர்கள்" என்றேன். அரை மனத்தோடுதான் போனார்.

ஆனாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். காத்திருந்த வருஷங்கள் ஸிம்முக்கு வீணாகவில்லை. பின்னாளில் உலகத்தைச் சிரிக்கவும் அழவும் வைத்த அந்தக் குரல், வகுப்பறையில் பழகிய குரல்தானே?