பெயர் நெய்த கை

ஆச்சிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். நாலைந்து சுங்குடிச் சேலைகளுக்கு அடியில், தாத்தாவின் பழைய வேட்டியில் சுற்றி வைத்த ஒரு பாய் இருந்தது. அவள் கல்யாணத்துக்குப் பத்தமடையில் சொல்லி நெய்த பாய். இரண்டு பக்கமும் சிவப்புக் கரை, நடுவில் தாத்தா பெயரும் ஆச்சி பெயரும். அதில் யாரையும் அவள் படுக்க விட்டதில்லை. அம்மாவின் கல்யாணத்தில் நலங்குக்கு ஒருமுறை விரித்தாளாம். பிறகு என்னைத் தொட்டிலில் இட்ட அன்று. அவ்வளவுதான். அம்மா அதை மடியில் போட்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். “இதை எந்த மகராசி நெஞ்சாளோ” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பத்தமடைக்குப் போனேன். திருநெல்வேலியில் வாத்தியாராக இருக்கும் நண்பர், தனக்குத் தெரிந்த ஒரு நெசவு வீட்டுக்குக் கூட்டிப் போனார். சேரன்மகாதேவி ரோட்டில் பஸ் இறங்கி, கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் விளைந்த வயல்களைப் பார்த்தபடி நடந்தோம். சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர் இது. ஆனால் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பாய். அதை நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் பெண்கள்.

“வாங்க, உள்ள வாங்க. உம்மா இருந்திருந்தா ஒங்களுக்கு எல்லாம் சொல்லுவாங்க. போன ரமலான்லதான் மௌத்தாயிட்டாங்க” என்றார் அந்த வீட்டுப் பெண். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஆச்சியின் பாயைக் கொடுத்தேன். அவர் முதலில் பார்த்தது பின்பக்கத்தை. கரையை நகத்தால் நெருடினார். “இது எங்க உம்மா கை இல்ல. உம்மா ஓரத்த இன்னும் நெருக்கி அடிப்பாங்க. ஆனா நல்ல கை. நிதானமா நெஞ்சிருக்காங்க” என்றார். முகம் தெரியாத ஒருத்தியின் கையை இப்படி மதிக்க இன்னொரு நெசவுக்காரிக்குத்தான் முடியும்.

கோரை தாமிரபரணிக் கரையிலும் ஈர நிலங்களிலும் விளைகிறது. பச்சையாக அறுத்து வெயிலில் காயவைத்து, கட்டாகக் கட்டி ஓடும் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். மெல்லிய பாய்க்கு ஒரு வாரம்வரைகூட ஊற வேண்டும். ஊறின கோரை மூன்று மடங்கு பருத்துவிடும். மறுபடி காயவைத்து, கத்தியால் நூல் நூலாகக் கிழிக்க வேண்டும். 100, 120, 140 என்று கணக்குச் சொல்கிறார்கள். கணக்கு ஏற ஏறப் பாய் மெலியும். 140-ஐத் துணிபோல மடித்து வைக்கலாம், பட்டுப்பாய் என்பது அதைத்தான். சாயம் ஏற்றுவதைப் பற்றியும் அந்தப் பெண் விரிவாகச் சொன்னார். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. என் கண் அச்சிலேயே இருந்தது.

பாவு இழைகள் நுழைந்து போகும் நீண்ட மரம்தான் அச்சு. ஒரு குச்சியின் நுனியில் கோரையைச் செருகி இழைகளுக்கு நடுவே இழுத்துப்போட்டு, அச்சால் ஓங்கி நெருக்க வேண்டும். நான் பார்த்த அச்சு கறுத்து, எண்ணெய் தேய்த்ததுபோல மின்னியது. வலது பக்கம் லேசாகத் தேய்ந்திருந்தது. இடது பக்கம் கட்டைவிரல் புதையும் அளவுக்கு ஒரு பள்ளம். “உம்மா இடங்கை. நான் வலங்கை. அவங்க பள்ளத்துலயே பிடிச்சுப் பிடிச்சு இப்ப எனக்கும் இடது கைதான் முந்துது” என்றார் மகள். என் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தேன். வழுவழுவென்று குளிர்ந்திருந்தது.

உம்மாவுக்குப் பன்னிரண்டு வயதில் தறி. கல்யாணமாகி வந்த வீட்டிலும் தறி. கணவர் சீக்கிரம் போய்விட, மூன்று பிள்ளைகளை அந்த அச்சுதான் வளர்த்தது. பெயர் போட்ட கல்யாணப் பாய் என்றால் அவரைத்தான் தேடி வருவார்களாம். பிள்ளைமார் வீடு, நாடார் வீடு, ஐயர் வீடு என்று எல்லா வீட்டுப் பெயரும் அவர் விரல் வழியே போயிருக்கிறது. ஆனால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த பெயரைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்து, இழையை எண்ணித் தூக்கி, சாயக் கோரையை நுழைப்பார். ‘ழ’ வந்தால் மட்டும் சலித்துக்கொள்வாராம். வளைவு அதிகம்.

பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோதுதான் அவருக்கும் எழுத்து வந்தது. இவள் சிலேட்டில் எழுத, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “இத நான் நெஞ்சிருக்கேன், இது பேரு என்ன?” என்று கேட்பாராம். பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். “உம்மம்மாக்கு அ, ஆ-ல ஆரம்பிக்கல. ‘செ’தான் மொதல்ல. நெறைய செல்வி, செல்வம் நெஞ்சாங்கல்ல” என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

கடைசி இரண்டு வருடம் அவரால் உட்கார முடியவில்லை. தறி தரையோடு இருப்பது. நாள் முழுக்கக் குந்தியிருந்த முழங்கால் எத்தனை காலம் தாங்கும்? படுத்தபடியே கோரையை வாங்கி வளைத்துப் பார்த்து, “இன்னும் ஒரு நா ஊறட்டும்” என்பாராம்.

1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போனதை ஊரே பெருமையாகச் சொல்கிறது. 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காவல் வந்தது, நல்லதுதான். நெய்கிறவளின் கூலிக்குக் காவல் எங்கே? கோரைக்கு முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்வதுதான் விலை. கூட்டிக் கேட்டால், “மெஷின் பாய் கெடக்கு, பிளாஸ்டிக் பாய் கெடக்கு” என்று எழுந்துவிடுகிறார். பெரிய நகரத்துக் கடையில் இவர்கள் பாய் என்ன விலைக்குப் போகிறது என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு பட்டுப்பாய்க்கு வாரக்கணக்கில் குந்தியிருந்த பெண்ணுக்கு அந்த விலையைத் தெரியவிடாமல் வைத்திருப்பதுதான் இந்த வியாபாரத்தின் முதல். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. பேத்தி தறியில் உட்காரப் போவதில்லை. அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை.

புறப்படும்போது கேட்டேன்: “உம்மா பேரு போட்ட பாய் ஏதாவது இருக்கா?” மகள் சற்று யோசித்தார். “எங்க பேர எதுக்கு நாங்களே போடப்போறோம்? யாரும் போடச் சொன்னதில்லையே” என்றார்.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பத்தமடைக்கு நேரே போங்கள். சில மாதம் முன்கூட்டியே போய், நெய்கிறவர் கையில் பணத்தைக் கொடுத்துப் பாய் சொல்லுங்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயரோடு, கரையோரத்தில் நெய்கிறவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். அந்த எழுத்துகளுக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.