சம்பளச் சீட்டில் ஒரு சொல்

நான் பதினொன்றாம் வகுப்பில் பயின்ற காலத்தில் என் தந்தையார் கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். வாரத்தில் 6 நாள், நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை. நூலுக்குத் தேவை மிகுந்த மாதங்களில் வாரத்தில் மூன்று நாள் இரண்டிரண்டு மணி நேரம் கூடுதலாக நின்று வருவார். ஆலைத் தொழிலாளர் அதனை ‘ஓ.டி.’ என்பர். அவருக்கு எழுத்து வாசனை குறைவு. சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. மணிக்கு 5 ரூபாய் வீதம் அந்த 6 மணி நேரத்திற்கு வாரம் 30 ரூபாய் கணக்கிட்டிருந்தார்கள். அத்தொகைக்கு எதிரே ‘இனாம்’ என்று எழுதியிருந்தது.

உழைப்பின் பயனைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கூலம் என்பது தானியம். தானியமாக அளந்ததால் கூலி என்ற பெயர் வந்தது என்பாரும் உளர். இன்று ‘கூலிக்காரன்’ என்பது ஏளனமாக ஒலிக்கிறது. வள்ளுவர்க்கு அந்த ஏளனம் இல்லை. உடல் வருந்தி முயன்றதன் பயனை அவர் கூலி என்றே குறிக்கிறார். வந்திக்காக மண் சுமந்த இறைவனும் பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டுதான் கூடையைத் தூக்கினான். சம்பளம் என்பதைச் சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தது என்று பலர் பிரித்துக் காட்டுவர். கேட்க இனிமைதான், ஆயினும் வடமொழியில் கட்டுச்சோற்றைக் குறிக்கும் ‘சம்பலம்’ என்ற சொல்லையும் மறந்துவிடக் கூடாது. ஊதியம் என்பது குறளில் ஆதாயம், பயன் என்னும் பொருளில் வருவது. பின்னரே மாத வருவாய்க்குப் பெயராயிற்று. தானியம் அளந்த படி, இன்று பயணப்படியிலும் அகவிலைப்படியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனாம் இவற்றோடு சேராத சொல். அரபு மொழியிலிருந்து வந்தது. கொடை என்பது பொருள். வரி நீக்கி அளிக்கப்பட்ட நிலங்களை இனாம் நிலங்கள் என்றனர். கொடை, கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. அதனைக் கணக்குக் கேட்க முடியாது.

ஆலை வாயிலில் தொழிற்சங்கத்தார் ஒருவர் சட்டத்தை எடுத்துச் சொன்னார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி நாளில் 9 மணி நேரத்துக்கோ வாரத்தில் 48 மணி நேரத்துக்கோ மேற்பட்ட வேலைக்கு, வழக்கமான ஊதிய விகிதத்தைப்போல் இரு மடங்கு தர வேண்டும். அப்படியானால் தந்தையாருக்கு வாரம் 60 ரூபாய் வந்திருக்க வேண்டும். ‘மிகைநேர ஊதியம்’ என்று எழுதினால் இரு மடங்கு. ‘இனாம்’ என்று எழுதினால் எதைக் கொடுத்தாலும் போதும்.

ஆலை நிருவாகத்துக்கு விண்ணப்பம் எழுதும் வேலை எனக்கு வந்தது. தமிழ் நன்றாக எழுதுவேன் என்ற செருக்கில், “கருணை கூர்ந்து உரிய தொகையை ஈந்து உதவுமாறு” என்று முடித்திருந்தேன்.

தந்தையார், “ஈந்துன்னா என்ன கண்ணு?” என்றார்.

பொருள் சொன்னேன்.

“நாம என்ன தருமமா கேக்கறோம்? நின்ன நேரத்துக்குக் கூலி கேக்கறோம். அதை அடிச்சுப்போடு.”

ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் தொல்காப்பியம் பிரித்துச் சொல்வதை அந்த ஆண்டுதான் வகுப்பில் படித்திருந்தேன். தாழ்ந்தவன் கேட்பது ‘ஈ’. ஒத்தவன் கேட்பது ‘தா’. உயர்ந்தவன் கேட்பது ‘கொடு’. தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான். பயன்படுத்தத் தெரிந்தவர் அவர். கருணையை அடித்துவிட்டு, “மிகைநேர ஊதியத்தை இரு மடங்காகக் கணக்கிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்று எழுதினேன். அவருடன் வேறு சிலரும் கையொப்பமிட்டனர்.

இரண்டு மாதம் கழித்துச் சீட்டில் ‘ஓ.டி.’ என்று ஒரு வரி வந்தது. தொகையும் சரியாக இருந்தது. பழைய மாதங்களின் பாக்கியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. தந்தையார் என்னிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து அத்தொகையை எழுதச் சொன்னார். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன். “வரவேண்டியதுன்னு எழுது” என்றார். அவர் ஓய்வு பெற்ற நாளிலும் அந்தப் பக்கம் அப்படியே இருந்தது.