ஒரு போன், மூன்று பிள்ளைகள்

2020 ஊரடங்கில் வகுப்பறை செல்போனுக்குள் போனது. கோரிப்பாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு போன்தான். அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. ஆனால் அதனிடம் சந்தேகம் கேட்க முடியாதே!

மாலையில் நாங்களே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். பிள்ளைகளை விடவந்த தூய்மைப் பணியாளர் அக்காக்களும் உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர், போனில் வந்த சம்பளக் கணக்கைத் தானே படித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, போன மாசத்தைவிட முந்நூறு ரூபா குறையுதே, ஏன்?" மறுநாள் ஒப்பந்தக்காரரிடம் எல்லோருமாகப் போய்க் கேட்டோம்.

வாழ்நாள் கல்வி என்பது எங்களுக்கு அந்தக் கேள்விதான்.

2023 ஜூலையில் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. கணினியும் இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது. தோழர்களே, தனியாகப் போகாதீர்கள். அக்காக்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.