எலுமிச்சம்பழம் எட்டு, ஸ்பேர் ரெண்டு!

கார் ரேஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காதைக் கிழிக்கும் சத்தம், கண்ணாடிக் கூலிங் கிளாஸ், மேடையில் ஷாம்பெயின் பாட்டிலைக் குலுக்கிப் பீய்ச்சியடிக்கும் இளைஞர்... எனக்கும் போன வருஷம் வரை அப்படித்தான் இருந்தது. இப்போது கார் ரேஸ் என்றால் எனக்கு ஞாபகம் வருவது, அட்டை கிழிந்த ஒரு நீளமான நோட்டுப் புத்தகம்!

நோட்டுக்குச் சொந்தக்காரர் கோவையில் எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்காரர். ஒரு சின்ன ரேஸ் டீமுக்கு மேனேஜர். இரண்டு கார், இரண்டு பையன்கள், ஐந்து மெக்கானிக், ஒரு லாரி. அவ்வளவுதான் டீம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தெருமுனை டீக்கடையில், "அண்ணா, நானும் ஒருக்கா ரேஸ் பார்க்க வரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

மேலும் கீழும் பார்த்தார். "பார்க்க வர்றீங்களா, வேலை செய்ய வர்றீங்களா?"

"ரெண்டுந்தானுங்ண்ணா."

"ரெண்டும் முடியாதுங் தம்பி. வேலை செய்யறவன் ரேஸ் பார்க்க முடியாது. சரி, லாரில ஏறுங்க."

ஆபீசுக்கு வயிற்றுவலி என்று மெசேஜ் அனுப்பிவிட்டு ஏறினேன். (மேலதிகாரி இந்த இதழைப் படிப்பதில்லை என்று தைரியம்.)

* * *

புறப்படுவதற்கு முன் ஷெட்டில் ஒரு சடங்கு நடந்தது. மேனேஜர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்க வாசிக்க, பையன்கள் பெட்டி பெட்டியாக லாரியில் ஏற்றினார்கள். மொத்தம் 213 ஐட்டம். ஜாக்கி, ஜெனரேட்டர், காற்றடிக்கும் கம்ப்ரசர், டயர் பதினாறு, தீயணைப்பு சிலிண்டர், தீப்பிடிக்காத உடுப்பு, ஹெல்மெட், டிரைவர்களின் லைசென்ஸ், தார்ப்பாய், குடை, இருபது லிட்டர் தண்ணீர் கேன், இன்சுலேஷன் டேப், சேஃப்டி பின்...

"எலுமிச்சம்பழம் எட்டு!"

"இருக்குதுங்ண்ணா!"

"ஸ்பேர் ரெண்டு?"

"அதுவும் இருக்குதுங்ண்ணா!"

இரண்டு கார், எட்டுச் சக்கரம், எட்டுப் பழம். எலுமிச்சைக்கே ஸ்பேர் வைத்திருக்கிற மனுஷன் கையில் டீம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்கு ஆயுசு இரண்டே நாள்.

* * *

கோவையிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். சேலம், கிருஷ்ணகிரி, ஆம்பூர், வேலூர் என்று லாரி இரவெல்லாம் உருண்டது. ஆம்பூரில் பிரியாணிக்காக நிறுத்துவார்கள் என்று நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன். "விடிகாலை மூணு மணிக்கு எவன் தம்பி பிரியாணி போடுவான்?" என்று சொல்லிவிட்டு டிரைவருக்கு மட்டும் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். தூங்கவேயில்லை மனுஷன். வளைவு வரும்போதெல்லாம் பின்னால் திரும்பி, கார்களைக் கட்டியிருக்கிற பெல்ட் சத்தத்தைக் கேட்டார்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை. இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள், கன்டெய்னர் லாரிகள், ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பையன்கள். நடுவில் ஒரு கேட். அதற்குள்தான் சென்னையின் ரேஸ் டிராக்.

இதற்கு முன்னால் சென்னையில் ரேஸ் என்றால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அங்கே வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. பிறகு கிளப் தனக்கென்று இந்த இடத்தில் டிராக் போட்டது. 1990-ல் திறந்தார்கள். சுற்றளவு 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர்.

பேர் பெரிது என்றாலும் காலை ஆறு மணிக்கு அங்கே நான் பார்த்தது, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் டிராக்கில் நாய் விரட்டிக்கொண்டிருந்ததைத்தான். சிரிக்காதீர்கள். அந்த வேலை நடக்காவிட்டால் ரேஸ் நடக்காது.

* * *

வெள்ளிக்கிழமை பூராவும் ஸ்க்ரூட்டினி. கல்யாணப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அதிகாரிகள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எடை சரியா, சீட் பெல்ட் தேதி தாண்டிவிட்டதா, ஹெல்மெட் அங்கீகரித்த ரகம்தானா, கவிழ்ந்தால் டிரைவரைக் காப்பாற்றும் இரும்புக் கூண்டில் கீறல் உண்டா... எதுவொன்று இடறினாலும் கார் வெளியே நிற்கும். டிரைவர்களுக்குத் தனியாக ஒரு மீட்டிங். அதற்குப் போகாவிட்டால் தண்டனை. பத்தொன்பது வயசுப் பையன்கள் தூங்கிவிடுவார்கள் என்று மேனேஜர் இரண்டு பேர் சட்டையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

டயர் விஷயமும் அன்றைக்குத்தான் புரிந்தது. காற்றைக் காலையிலேயே சரியாக அடித்துவிட்டால், சூடான தாரில் நாலு சுற்று ஓடியதும் அழுத்தம் ஏறிக் கார் வழுக்கும். அதனால் ஏறப்போகிற அளவைக் கணக்குப் போட்டு முதலிலேயே குறைத்து அடிக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டை வெயிலில் அந்தக் கணக்கு மணிக்கு ஒரு தடவை மாறுகிறது. மேனேஜர் நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்க அந்த எண்கள்தான்.

"இத்தனை எதுக்குங்ண்ணா? நல்லா ஓட்டறவன் ஜெயிச்சிட்டுப் போறான்" என்றேன்.

"நம்மூர் நரேன் கார்த்திகேயன் தெரியுமில்ல?"

"தெரியாமங்களா? ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர், 2005."

"அந்த வருஷம் ஜூன் 19, அமெரிக்கால இண்டியானாபோலிஸ் ரேஸ். இருபது கார் வந்துது. அதுல பதினாலு கார் மிஷெலின் டயர். அந்த டிராக்கோட சரிவான வளைவு வேகத்துக்கு அந்த டயர் தாங்காதுன்னு வெள்ளிக்கிழமையே தெரிஞ்சு போச்சு. அப்பல்லாம் ரேஸ் நடுவுல டயர் மாத்தவும் விதி விடாது. பிரான்ஸ்லருந்து விமானத்துல வேற டயர் கொண்டாந்து பார்த்தாங்க. அதுவும் ஆகலை. பதினாலு காரும் ஒரு சுற்று சும்மா ஓட்டிட்டு உள்ள வந்து நின்னுக்கிச்சு. மீதி ஆறு கார்தான் ரேஸ் ஓடுச்சு. நரேன் நாலாவது. அஞ்சு பாயிண்ட்! உலகத்துலயே நல்லா ஓட்டற ஆளுங்க அன்னிக்கு கையக் கட்டிட்டு நின்னாங்க தம்பி. கொண்டுபோன டயர் சரியில்ல. அவ்வளவுதான்."

கொஞ்சம் இடைவெளி விட்டு, "சென்னைப் பையன் கருண் சந்தோக்கைப் பாருங்க. 2010 பஹ்ரைன். அவருக்கு முதல் ரேஸ். டீம் புதுசு. கார் டிராக்குக்கு வந்தப்புறமும் பூட்டி முடியல. பயிற்சில ஒரு சுற்றுகூட ஓட்டாம நேரா குவாலிஃபையிங்ல போய் உட்கார்ந்தார். அந்தப் பையன் நெஞ்சு எப்படி அடிச்சிருக்கும்?" என்றார்.

பெரிய டீம்கள் நாற்காலி, மேஜை, ஜாக்கி போன்ற கனமான சாமான்களைப் பல செட் வைத்துக்கொண்டு, மாதக் கணக்கில் முன்னாலேயே கப்பலில் அனுப்பிவிடுமாம். ஒரு செட் ஒரு நாட்டில் வேலை செய்யும்போது அடுத்த செட் கடலில் மிதந்துகொண்டிருக்கும். கார், என்ஜின் போன்றவை விமானத்தில். 2023 கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் பையன்கள் நாலு டயரை 1.80 வினாடியில் மாற்றினார்கள். நாம் ஒரு தும்மல் போடும் நேரம்! அந்த 1.80 வினாடிக்குப் பின்னால் எத்தனை கப்பல், எத்தனை நோட்டு!

* * *

சனிக்கிழமை சாயங்காலம் முதல் ரேஸ். நம் டீமின் சின்னப் பையன் நாலாவதாக வந்துகொண்டிருந்தான். அவன் அப்பா வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தார். ஊரில் ஒரு சைட்டை விற்று இந்த சீசனுக்குப் பணம் கட்டியவர். கடைசிச் சுற்றில் 'டக்' என்று ஒரு சத்தம். கார் புல்லோரமாக நின்றுவிட்டது.

இடது பக்க டிரைவ் ஷாஃப்ட் முறிந்திருந்தது. என்ஜினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற தண்டு அது. இடதுக்கு ஒரு நீளம், வலதுக்கு ஒரு நீளம். மாற்றிப் போட முடியாது.

"கவலை இல்ல, ஐட்டம் 147" என்று மேனேஜர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தார்கள். யாரும் பேசவில்லை.

பெட்டிக்குள் இடது ஷாஃப்ட் இருந்தது. ஆனால் அதுவும் முறிந்தது! இரண்டு மாதத்துக்கு முன் செட்டிபாளையம் கரி டிராக்கில் ஸ்பேரை எடுத்து மாட்டிவிட்டு, உடைந்ததை அதே பெட்டியில் போட்டு மூடியிருக்கிறார்கள். வியாழக்கிழமை பெட்டி கனமாகத்தான் இருந்தது. டிக் விழுந்துவிட்டது.

பெரிய மெக்கானிக் முகம் வெளுத்துப்போனது. போட்டவர் அவர்தான். டீம் முதலாளி வந்தார். "யார் தப்பு இது?"

மேனேஜர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "என் தப்புங்க. திறந்து பார்க்காம டிக் போட்டது நான்."

முதலாளி எல்லோர் முன்னாலும் பேசிய பேச்சை இங்கே அச்சிட முடியாது. அவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டார். பையனின் அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச தூரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திட்டைவிட அதுதான் மேனேஜரைச் சுட்டது என்று எனக்குத் தெரிந்தது.

சாதாரணக் கடையில் கிடைக்கிற ஷாஃப்ட் இல்லை அது. கோவையில் ஒரு பட்டறையில் தனியாகச் செய்வது. பக்கத்து டீம் மேனேஜர் தானாகவே வந்து தன் பெட்டிகளையெல்லாம் திறந்து காட்டினார். நாளைக்குத் தோற்கடிக்க வேண்டிய ஆள்! அவர்களுடையது வேறு மாடல், பொருந்தவில்லை. "பூட்டறதுக்கு ஆள் வேணும்னா நம்ம பசங்களை எடுத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு போன். ஷெட்டில் இன்னொரு காருக்காக ஒரு ஷாஃப்ட் இருந்தது. அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, பட்டறைப் பையன் ஒருவன் சேரன் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினான். கோவை ஜங்ஷனில் போலீஸ்காரர், "என்னடா இது, குழாய் மாதிரி?" என்று நிறுத்திவிட்டார். போனில் மேனேஜர் அவருக்கு டிரைவ் ஷாஃப்டின் வேலையைப் பத்து நிமிஷம் விளக்கினார். கடைசியில் போலீஸ்காரர் கேட்டாராம்: "சரிங்க, ரேஸுக்கு டிக்கெட் கிடைக்குமா?"

நள்ளிரவில் பெரிய மெக்கானிக் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். "அண்ணா... நான் சொல்லியிருக்கணும்."

"டீ ஆறுது, குடிங்க. காலைல உங்க கைதான் வேணும்."

அவ்வளவுதான் பேச்சு.

ஞாயிறு காலை ஏழு மணிவாக்கில் சென்ட்ரலில் சாக்கோடு இறங்கிய பையனை அழைத்துக்கொண்டு வேன் பறந்தது. எட்டரைக்கு ஷாஃப்ட் வந்து சேர்ந்தது. ரேஸ் பத்து மணிக்கு. பக்கத்து டீம் பையன்கள் இரண்டு பேரும் சேர்ந்து கை வைத்தார்கள். ஒன்பதே முக்காலுக்கு ஜாக்கி இறங்கியது.

பையன் கடைசி வரிசையிலிருந்து கிளம்பி ஐந்தாவதாக வந்தான். அவன் அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். நானும் குதித்தேன். திரும்பிப் பார்த்தால் மேனேஜரைக் காணோம். லாரிக்குள் குனிந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்து டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அஞ்சாவது!"

"கேட்டுதுங் தம்பி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசியாக இருக்கலாம்.

* * *

செவ்வாய்க்கிழமை ஆபீசில் ஃபைல் கட்டு ஒன்று வந்தது. வழக்கமாக மேலே பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன், அன்றைக்குக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நடுவில் ஒன்று இல்லை! பக்கத்து சீட்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அதே நேரம் போன். மேனேஜர்.

"தம்பி, லிஸ்ட்டைச் சரிபார்த்தேன். 213 ஐட்டமும் வந்து சேர்ந்துருச்சு. ஆனா ஒண்ணு கூடுதலா இருக்குது. உங்க வலது கால் செருப்புங்களா?"

குனிந்து பார்த்தேன். போட்டிருந்தது தம்பியின் ஷூ. இடது செருப்பு எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.