மாசியில மலைக்கா?

வகுப்புத் தோழி குல்மார்க்கில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்ட வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து மகளுக்கு அதே பேச்சு. "நாமளும் போலாம்ப்பா." அவளுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. விமானச் செலவைக் கணக்குப் போட்ட அப்பா, மெதுவாகப் பேச்சைப் போடிநாயக்கனூர் பக்கம் திருப்பினார். அவர் பிறந்த ஊர். அப்பத்தா வீட்டு மொட்டை மாடியில் நின்றாலே மலை தெரியும்.

"பனி இல்லைன்னா என்ன? குரங்கணியில ட்ரெக்கிங் போலாம். ஏலக்காய்த் தோட்டம், ஆறு எல்லாம் இருக்கு."

மார்ச் முதல் வாரம் ஒரு நீண்ட வாரயிறுதி வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு குழுவையும் பிடித்துவிட்டார். டி-ஷர்ட், டிபன், கூடாரம், போட்டோ எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். பிள்ளைகளுக்குப் பாதி.

அம்மாவுக்கு மட்டும் அந்தக் குல்மார்க் வீடியோ மனதை விட்டுப் போகவில்லை. அதில் பயிற்சியாளர் முதலில் சொல்லிக் கொடுத்தது வேகமாகப் போவதை அல்ல. எப்படி நிற்பது, விழுந்தால் எப்படி எழுவது என்பதைத்தான். அந்த நினைப்பிலேயே குழுவுக்குப் போன் போட்டார்.

"வனத்துறை அனுமதி எந்தப் பாதைக்கு வாங்கியிருக்கீங்க? நடுவுல பிள்ளைங்களுக்கு முடியலைன்னா யாரு கூட்டிட்டு இறங்குவாங்க?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் மேடம்."

ஊருக்குப் போன் போட்டபோது அப்பத்தா அதைவிடச் சுருக்கமாக முடித்துவிட்டார். "ஏப்பா, மாசியில மலைக்கா? மாசி, பங்குனியில பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறவன் மலையைத் தெரிஞ்சவனா?"

2018 மார்ச் 11-ம் தேதியும் மாசி மாதம்தான். ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. அதில் சிறுவர்களும் இருந்தார்கள். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும்போது தீ சூழ்ந்தது. டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் அனுமதி, இவர்கள் போனது வேறு பாதை என்று அப்போது செய்திகள் வந்தன. காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும் வேகத்துக்கு மனிதர்கள் ஓட முடியாது. தப்பிக்கப் பள்ளத்தில் குதித்தவர்களும் உண்டு. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. சிகிச்சையில் இருந்தவர்களையும் சேர்த்து 23 பேர் இறந்தார்கள். போடி ஆஸ்பத்திரிக்கு விடிய விடிய ஆம்புலன்ஸ் போன சத்தம் அப்பத்தாவுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அப்பா அந்தக் குழுவிலிருந்து விலகினார். முன்பணம் திரும்ப வரவில்லை. அதைப் பற்றி வீட்டில் இரண்டு நாள் முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

2024 அக்டோபரில் தமிழக அரசே ட்ரெக்கிங் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. மொத்தம் 40 பாதைகள், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து. இணையத்திலேயே பதிவு செய்யலாம். மலையோர ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம் என்று பாதைகளை மூடியும் வைத்தார்கள். அப்பத்தா சொன்ன அதே மாசி, பங்குனி!

பத்து வயதுக்குக் கீழே என்றால் எளிய பாதைகள் மட்டும், அதுவும் பெற்றோர் துணையோடு. தம்பி அழுதான். டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் அவனும் அம்மாவும் அப்பத்தாவோடு குரங்கணி ஆற்றங்கரையில் இருப்பது, அப்பாவும் மகளும் மட்டும் நடப்பது என்று முடிவானது.

மழை முடிந்து மலை பச்சையாக இருந்தது. வழிகாட்டி ஓர் இளைஞர். மகளின் ஷூ கயிற்றை அவிழ்த்து, இறுக்கிக் கட்டச் சொன்னார். பாதி வழியில் மூடுபனி இறங்கி, தூறலும் விழுந்தது. "இதுக்கு மேல வேணாம் சார்" என்றார். அப்பா கெஞ்சிப் பார்த்தார். அவர் பதில் பேசாமல் இறங்கத் தொடங்கினார்.

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"எம்புட்டு தூரம் போனீங்க?" என்று கேட்டார் அப்பத்தா.

"பாதிதான் அப்பத்தா. அந்த அண்ணன் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாரு."

"அப்படியா?" துண்டை எடுத்துப் பேத்தியின் தலையைத் துவட்டிக்கொண்டே அப்பத்தா மகனைப் பார்த்தார். "அந்தப் பையன் நம்பரை வாங்கி வச்சுக்கப்பா. அடுத்த வருசமும் அவன்கூடவே அனுப்பு."